ரீப்ளே அண்ணனின் மூன்று கேள்விகள்

தெரியாமல் இன்னொருவர் காலை மிதித்துவிட்டு, 'சாரி' என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்துக்கொள்ளும் சலுகை உலகம் முழுக்க உண்டு. கேரள எல்லையோரத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் மட்டும் கிடையாது. ஏனென்றால் அங்கே ரீப்ளே அண்ணன் இருக்கிறார். மிதித்தவர் அப்படியே நிற்கவேண்டும். மிதிபட்டவர் விலகிக்கொள்ளவேண்டும். அந்த இடத்தில் அண்ணன் வந்து நின்று காலை நீட்டிக்கொண்டு, "இனி ஒருக்க மிதி மக்கா. பைய மிதி" என்பார். மிதிக்காமல் நகர முடியாது.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது, இருக்கட்டும். தொழில், கல்யாண வீடியோ எடுப்பது. ஆசை, கூடைப்பந்து நடுவராக இருப்பது. கழுத்தில் கேமராவும் விசிலும் சேர்ந்தே தொங்கும். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா குறுக்கே தலையை நீட்டினால், கேமராவை ஆட்டாமல் ஒரு ஊது ஊதுவார். ஒரு கல்யாணத்தில் அந்தச் சத்தம் கேட்டுப் போதகரே ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, தாம் என்ன தப்பு செய்தோம் என்று அண்ணனைப் பார்த்தார்.

காலையில் தங்கையன் டீக்கடையில் பாயிலர் சூடாகும்போது அமெரிக்காவில் ராத்திரி ஆட்டம் சூடுபிடித்திருக்கும். அண்ணன் செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். அந்த ஊர்த் தொழில்முறை ஆட்டங்களில் ஒருவன் இன்னொருவனைக் கொஞ்சம் பலமாக இடித்துவிட்டால், நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு சின்னத் திரையின் முன்னால் போய்க் குனிந்து நிற்பார்கள். வேண்டுமென்றே செய்தானா, கண்மண் தெரியாமல் செய்தானா என்று பார்ப்பதற்காக. அவர்கள் குனிவதற்கு முன்னால் இங்கே பாறசாலையில் தீர்ப்பு வந்துவிடும்.

"வெளியே அனுப்பு அவனை! இதில பாக்கதுக்கு என்ன உண்டு?"

"அண்ணே, அவன் பந்தைத்தானே பிடிக்கப் போனான்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. டீ ஆறிவிடும்.

"கேளு மக்கா. மூணு கேள்வியாக்கும். ஒண்ணு, கை எங்க இருந்து வந்துது? ரெண்டு, எங்க பட்டுது? மூணு, பட்ட பெறவு கை எங்க போச்சு? இதில மூணாவதாக்கும் மெயின். முதல் ரெண்டும் கைக்க வேலை. மூணாவது மனசுக்க வேலை. மனசிலாச்சா?"

அமெரிக்க நடுவர்களும் ஏறக்குறைய இதையேதான் பார்க்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர்களிடமிருந்து அண்ணன் எடுத்தாரா, அண்ணனிடமிருந்து அவர்கள் எடுத்தார்களா என்று கேட்டால், அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்.

சட்டம் ஆடுகளத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் பூவார் பஸ்ஸில் காரோடு ஊர்க்கார அக்கா ஒருத்தி மடியில் பெரிய சக்கை ஒன்றை வைத்திருந்தாள். முழுப் பலாப்பழம். டிரைவர் பிரேக் போட்டதும் அது உருண்டு, முன்னால் நின்ற ஒருவரின் பாதத்தில் இறங்கியது. அவர் அலறினார். அக்கா "அய்யோ, எனக்க சக்க!" என்றாள். பின்சீட்டிலிருந்து விசில் சத்தம்.

வண்டி நின்றது. அடிபட்டவரை விலக்கிவிட்டு அண்ணன் அந்த இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இனி ஒருக்க உருட்டும் அக்கா."

"ஓய், உமக்கு கிறுக்கு உண்டா?"

"உருட்டும். நான் அம்பயராக்கும்."

உருட்டினாள். அண்ணனின் பெருவிரல் நகம் அன்றைக்குக் கறுத்தது, ஓணம் வரைக்கும் கறுப்பாகவே இருந்தது. கண்ணில் தண்ணீர் வர, ஒற்றைக் காலில் நின்றபடி தீர்ப்புச் சொன்னார். "அலட்சியம் உண்டு. கெட்ட மனசு இல்ல. ஆனா பட்ட பெறவு நீங்க முதல்ல பாத்தது சக்கையை. இந்த மனுசனுக்க காலைப் பாக்கல்ல. அதுக்குத் தண்டனை உண்டு."

கண்டக்டர், "சாறே, வண்டி எடுக்கட்டே?" என்று கெஞ்சினார். சக்கையை அங்கேயே வெட்டி, பஸ் முழுக்கப் பங்கு வைத்த பிறகுதான் வண்டி கிளம்பியது. அடிபட்டவருக்கு இரட்டைப் பங்கு. அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் சக்கையோடு யார் ஏறினாலும் ஜனங்கள் ஆசையோடு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வீட்டில் மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. அவர் மனைவி வசந்தா அக்கா தனுவச்சபுரத்தில் பள்ளிக்கூட டீச்சர். "ஒருநாளு அடுக்களையில வந்து விசில் ஊதினாரு. புட்டுக்குடத்தில போட்டு மூடிட்டேன். பெறவு ஊதல்ல" என்று ரொம்ப அமைதியாகச் சொன்னார்.

இனி பினுவின் கதைக்கு வருகிறேன். அதே காரோடு ஊர்ப் பையன். தென்னை மரம் கை முளைத்து ஓடுவது மாதிரி இருப்பான். எங்கள் சபை வாலிபர் கூடைப்பந்து அணியில் அவன்தான் எல்லாம். நானெல்லாம் பெஞ்சு காற்றில் பறந்துபோகாமல் இருப்பதற்காக அதன்மேல் உட்கார்ந்திருந்தவன். பினுவிடம் ஒரே குறை, முழங்கை. பந்து கையில் வந்ததும் முழங்கை இரண்டையும் விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவான். பக்கத்தில் இருக்கிறவர்கள் அவரவர் மூக்கை அவரவர் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

ஒரு வருஷ ஓணப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் ரீப்ளே அண்ணன் அவனை வெளியே அனுப்பிவிட்டார். நாங்கள் தோற்றோம். பினு மறுநாள் டீக்கடையில், எல்லாரும் கேட்க, "அவருக்க முன்பல்லு ரெண்டும் எனக்க கையாலதான் போகும், பாத்துக்கிடுங்க" என்று சபதம் போட்டான். தங்கையன் கேட்டார், நான் கேட்டேன், மீன் வாங்கப் போன பாதி ஊர் கேட்டது. அண்ணனும் கேட்டார். பல்லைக் காட்டிச் சிரித்தார்.

அடுத்த வருஷம் மறுபடியும் நாங்கள் இறுதி ஆட்டத்தில். எதிரே நெய்யாற்றின்கரை அணி. நடுவர் ரீப்ளே அண்ணன். மைதான ஓரத்தில், குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். கொச்சியில் ஒரு தொழில்முறை அணியின் பயிற்சியாளர். பினுவைப் பார்ப்பதற்காகவே வந்திருந்தார். பினுவுக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி. ஒன்று, மஞ்சள் தொப்பியின் பின்னால் கொச்சிக்குப் போவது. இன்னொன்று, அப்பாவின் பின்னால் வள்ளத்தில் கடலுக்குப் போவது. பினுவோ பூவாரில் டூரிஸ்ட் படகைக் கரையில் நின்று பார்த்தாலே வாந்தி எடுக்கிறவன்.

கடைசிக் கட்டம். கூடையில் பட்டுத் திரும்பிய பந்தை எகிறிப் பிடித்தான் பினு. இறங்கினான். முழங்கையை விரித்தான். சுற்றினான். கூடைக் கம்பத்தடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ரீப்ளே அண்ணனின் வாயில் அது போய் இறங்கியது.

அண்ணன் மல்லாந்து சரிந்து கம்பத்தடியில் கிடந்தார். முன்பல் இரண்டும் மண்ணில் தனியாகக் கிடந்தன. பினு அவர்மேல் குப்புறக் கிடந்தான். பந்து உருண்டு போய் நெய்யாற்றின்கரைக்காரர்கள் கையில் கிடைத்தது, அவர்கள் அதைச் சாவகாசமாகக் கூடையில் போட்டார்கள்.

பிறகு கூச்சல். எங்கள் ஊரில் ஏசுவது தமிழில், நியாயம் கேட்பது மலையாளத்தில். அன்றைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. கமிட்டி செக்ரட்டரி மைக்கைப் பிடித்தார். நடுவரை வேண்டுமென்றே அடித்தால் வெளியேற்றம், ஒரு வருஷம் எந்த மைதானத்திலும் கால் வைக்க முடியாது. "சொல்லி அடிச்சிருக்கான்! டீக்கடையில சொன்னானா இல்லியா? தங்கையா, நீ சாட்சி!" தங்கையன் பாவம், பினுவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மஞ்சள் தொப்பி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றது.

யாரோ செல்போனில் எடுத்த வீடியோவை ஸ்லோ மோஷனில் ஓட்டினார்கள். அடக்கடவுளே! அதில் பினுவின் கண் சிவந்திருந்தது, பல் இறுகியிருந்தது, முழங்கை பின்னால் போய், நின்று, யோசித்து, குறிபார்த்து வந்தது. நானே, 'ஐயோ, கொலைகாரப் பயல்' என்று நினைத்துவிட்டேன்.

அண்ணனைத் தூக்கி உட்காரவைத்தார்கள். விசிலை எடுத்து ஊதினார். பல் இல்லாததால் காற்று மட்டும் வந்தது, கூடவே ரத்தமும். விசிலை விட்டுவிட்டுக் கையை உயர்த்தினார். செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார் செக்ரட்டரி.

"தூர மாத்து அதை," என்றார் அண்ணன். "ஸ்லோ மோஷன் எனக்க தொழிலாக்கும். இதில ஓட்டினா மாப்பிள தாலி கட்டுகதும் பெண்ணுக்க கழுத்தை நெரிக்கது போலதான் இருக்கும். ரீப்ளே!"

பினு கையெடுத்துக் கும்பிட்டான். "வேண்டாம் அண்ணே. என்னை வெளியே அனுப்பிடுங்க. இனி ஒருக்க நான் செய்யமாட்டேன்."

"செய்யிலே. பைய செய்யி."

அண்ணன் கம்பத்தடியில் போய் நின்றார். வாயிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. பினு பந்தை வாங்கி, அழுதுகொண்டே, முழங்கையைப் பின்னால் கொண்டு போனான்.

"ஒண்ணு," என்றார் அண்ணன். "கை எங்க இருந்து வந்துது? நல்ல தூரத்தில இருந்து. ஓங்கல் உண்டு." நெய்யாற்றின்கரைப் பக்கம் ஆரவாரம்.

முழங்கை மெதுவாக வந்து உதட்டைத் தொட்டது. "ரெண்டு. எங்க பட்டுது? அந்தா மண்ணில கிடக்குல்லா, பாருங்க." இன்னும் ஆரவாரம். எங்கள் பெஞ்சில் ஒருவன் காலணியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

"இனி நான் விழப்போறேன்," என்று சொல்லிவிட்டு அண்ணன் மல்லாக்கச் சரிந்தார், மெதுவாக இல்லை, நிஜமாகவே. அந்தக் கணத்தில் பினு யோசிக்கவில்லை. பந்தைக் கைவிட்டான். இடது கை தானாகப் பறந்து, அண்ணனின் பின்தலைக்கும் இரும்புக் கம்பத்துக்கும் நடுவில் போய் நின்றது.

"அசையாதே!" என்று கத்தினார் அண்ணன். "எல்லாவனும் வந்து பாருங்கலே. எனக்க தலைக்குப் பின்னால நிக்கது யாருக்க கை?"

எல்லாரும் போய்ப் பார்த்தோம். கம்பத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. பினுவின் இடது கை விரல்முட்டுகளில் தோல் உரிந்து ரத்தம் காய ஆரம்பித்திருந்தது. இத்தனை நேரமும் எல்லாரும் அண்ணனின் பல்லைப் பார்த்தோமே ஒழிய, அந்தக் கையை ஒருவரும் பார்க்கவில்லை. வீடியோ எடுத்தவன் முன்பக்கம் நின்று எடுத்ததால் அதிலும் அது இல்லை. பினுவுக்கே அந்தக் கை வலிப்பது அப்போதுதான் தெரிந்தது.

"மூணு," என்றார் அண்ணன், தரையில் கிடந்தபடியே. "பட்ட பெறவு கை எங்க போச்சு? பந்தை விட்டுட்டு எனக்க மண்டையைப் பிடிக்க வந்துது. கப்பு போனா போட்டும்ணு வந்துது. இவன் கையா என்னைக் கொல்லப் பாத்துது?"

"அப்போ டீக்கடையில சொன்னது?" என்று விடாமல் கேட்டார் செக்ரட்டரி.

"டீக்கடையில சொன்னதுக்கெல்லாம் விசில் ஊதினா இந்த ஊரில ஆம்பிளன்னு ஒருத்தன் மிச்சம் இருப்பானா? அலட்சியம் உண்டு. கெட்ட மனசு இல்ல. விளையாடுங்கலே." பிறகு பினுவின் காதைப் பிடித்து, "கண்ணை எங்கலே வச்சிருந்தே, மூதேவி?" என்று ஒரு திருகு திருகினார். அதுதான் தண்டனை.

அந்த ஆட்டத்திலும் நாங்கள் தோற்றோம். தோற்பதில் எங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் மஞ்சள் தொப்பிக்காரர் போகிறபோது வெறுங்கையோடு போகவில்லை. பினுவின் போன் நம்பரையும், ஒரு வாரத்தில் அவனைக் கொச்சிக்கு அனுப்புவதாக அவன் அப்பாவின் சம்மதத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணன் பல் கட்டிக்கொள்ள மறுத்துவிட்டார். "எவிடன்ஸ் ஆக்கும்" என்றார். "எவிடன்ஸை வச்சு முறுக்கு கடிச்சுப் பாரும்" என்றார் வசந்தா அக்கா. இப்போது பினுவின் ஆட்டம் போனில் வருகிற நாட்களில் டீக்கடை நிரம்பி வழியும். அவன் யாரையாவது இடித்துவிட்டால் முதல் ஆளாக "வெளியே போலே!" என்று கத்துகிறவர் அண்ணன்தான். ஆட்டம் முடிந்ததும் கொச்சியிலிருந்து போன் வரும். "அண்ணே, இன்னைக்கு ஓங்கல் உண்டா?" என்று பினு பயந்துகொண்டே கேட்பான். உண்டு என்றுதான் பெரும்பாலும் பதில்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம், டீக்கடை வாசலில் புதுச் சட்டையோடு கிளாஸைப் பிடித்து நின்றேன். பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் தெரியும். அடுத்த கணம் நான் ஓடையை நோக்கிப் பறந்துகொண்டிருந்தேன், டீ எனக்கு முன்னால் பறந்தது. ஸ்கூட்டரின் முன்னால் செருகியிருந்த செல்போனில் பினுவின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார் ரீப்ளே அண்ணன்.

ஓடையில் நான் விழவில்லை. விளிம்பில் சட்டைக் காலர் இறுகி நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்து, "ரீப்ளே!" என்றேன். ஆயுள் முழுக்கக் காத்திருந்த வார்த்தை அது.

அண்ணன் முகம் வெளிறிப்போனது. தங்கையன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

"ஒண்ணு. ஓங்கல்?"

"இல்லலே மக்கா. சத்தியமா நான் உன்னைக் காணவே இல்ல."

"ரெண்டு. பட்டுதா?" டீயில் நனைந்த சட்டையைக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாவதைக் கேட்பதற்காகச் சுற்றிலும் பார்த்தேன். ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. ஓடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. செல்போன் அங்கே கிடந்து இன்னும் கத்திக்கொண்டிருந்தது. கடைசி நிமிஷம், பந்து பினு கையில். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய இரண்டு கையும் என் காலரில் இருந்தன.

"அலட்சியம் உண்டு அண்ணே," என்றேன். "கெட்ட மனசு இல்ல."

பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தார். "அப்போ காலரை விடட்டுமா?"

"கொஞ்சம் கழிஞ்சு விட்டா போரும் அண்ணே," என்றேன்.