மோட்டார் அண்ணன் மியூசியத்தில் வைத்த படையல்

கரிக்கலாம்பாக்கத்தில் மோட்டார் அண்ணனின் நிழல்கூட ஒரு இடத்தில் நின்றது கிடையாது. போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்ப்பதால் வந்த பெயர்தான். ஆனால் மோட்டாருக்காவது சுவிட்ச் உண்டு. கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் கை கழுவிவிடுவார். சலூனில் பாதித் தலையோடு எழுந்துபோய், மீதியை மறுநாள் வெட்டிக்கொண்ட ஆள். அந்தப் பாதித் தலையோடு இருந்தவர் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து போன பாவி நான்.

ஒருநாள் காலை என் உரக்கடை வாசலில் பைக்கை உறுமவிட்டபடி, டவுன் மியூசியத்துக்குக் கிளம்பச் சொன்னார். போன வருஷம் எங்கள் பக்கத்தை மூழ்கடித்த வெள்ளத்தைப் பற்றி அங்கே கண்காட்சியாம். நேரிலேயே கழுத்தளவு பார்த்தாச்சு, டிக்கெட் வாங்கி வேறு பார்க்கணுமா என்று எரிந்து விழுந்தேன்.

"ஏறுப்பா. உள்ள தம்பி இருக்கான்."

கடை ஷட்டரை இழுத்துவிட்டு ஏறினேன். அவர் தம்பி அந்த வெள்ளத்தில் மாட்டை அவிழ்த்துவிடப் போய், அடித்துச் செல்லப்பட்டுச் செத்தவன்.

வண்டியை விரட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். தம்பி கயிறு போட்டு ஜனங்களை இழுத்துக் கரை சேர்த்ததை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அது மியூசியத்தில் மாட்டியிருக்கிறது. வீட்டிலிருந்த போட்டோவெல்லாம் சேற்றோடு போய்விட்டது. அன்றைக்குத் தலைத்திவசம்.

"படம் இல்லாம யாருக்குப்பா படைக்கறது?" என்றார்.

வாசலில் செக்யூரிட்டி அண்ணன் கையிலிருந்த டிபன் கேரியரைத் தடுத்தார். சுகர் பேஷண்ட், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் விழுந்துவிடுவேன் என்று அண்ணன் அண்டப்புளுகு புளுகினார். உள்ளே காட்சிக்கு வைத்திருந்த சேறு அப்பிய ஃப்ரிட்ஜ், புத்தகப் பை எதையும் பார்க்கவில்லை. நேராக அந்தப் படத்துக்கு ஓடினார்.

நான் தடுப்பதற்குள் கண்ணாடியில் குங்குமம் வைத்து, தரையில் இலை போட்டு, தம்பிக்குப் பிடித்த நண்டுக் குழம்பை ஊற்றிவிட்டார். இடுப்பிலிருந்து ஒரு குவாட்டரும் வெளியே வந்தது. இன்றைக்கு ஸ்டேஷன்தான் என்று நினைத்தேன். கற்பூரத்தை ஏற்றினார்.

கூரையில் அலாரம் அலறியது. வெள்ளத்தை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடியது. தீயணைக்கிற சிலிண்டரோடு செக்யூரிட்டியும், பின்னாலேயே பொறுப்பாளர் அம்மாவும் வந்தார்கள். அந்தம்மா முதலில் கற்பூரத்தை அணைக்கச் சொன்னார்.

அண்ணன் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "தானா அணையட்டும்மா. இவன் என் தம்பி. வூட்ல படம் இல்ல."

அந்தம்மா படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். சிலிண்டரை இறக்கச் சொல்லிவிட்டார். அலாரம் காதைக் கிழிக்க, நாங்கள் நாலு பேரும் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கயித்த கெட்டியா புடிச்சினு இருந்தியேடா," என்றார் அண்ணன் படத்திடம். "உட்டுட்டு ஏன்டா போன? மாடு வேற வாங்கிக்கலாமே."

கற்பூரம் அணைந்தது. அதற்குப் பிறகுதான் அந்தம்மா இலையை எடுக்கச் சொன்னார். குவாட்டரைப் பார்த்த செக்யூரிட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும்போது பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். இன்னாப்பா என்றார். வண்டி ஆடுது என்றேன். போட்டு ஒரு மாசம்கூட ஆகாத தார் ரோடு அது.