மாமனார் காரும் மூன்று களிமண்ணும்

திராட்சைப் பந்தலோரம் நிறுத்தியிருந்த மெரூன் நிறக் காரைப் பார்த்ததும், நிச்சயதார்த்த வீட்டில் சாப்பிட்ட கேசரி சேவியருக்குத் தொண்டைவரை திரும்பி வந்தது. பானெட், கூரை, கதவு என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் கடுகு கடுகாகப் புள்ளிகள். நீலமும் வெள்ளையும் கலந்த புள்ளிகள்.

பந்தலுக்குள் ஒருவர் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு கொடிகளுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அதே மருந்து. சேவியர் அவரிடம் பாய்ந்தான். அவர் பதற்றமே இல்லாமல் காரையும் வானத்தையும் பார்த்தார்.

"காத்து கெழக்காம அடிக்குது சார். உங்க வண்டி மேக்க நிக்குது. எங்க மருந்து எப்படி அங்கன வரும்?"

பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்று சேவியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை போட நேரமில்லை. கார் அவனுடையதல்ல, ராயப்பன்பட்டியில் இருக்கும் மாமனார் மிக்கேலுடையது.

கல்யாணமாகி இரண்டு வருஷமாக அந்தச் சாவியை அவர் மாப்பிள்ளையின் கண்ணில்கூடக் காட்டியதில்லை. வந்த புதிதில் அவருடைய மொபெட்டை வாங்கிக்கொண்டு போய் மாட்டுத்தொட்டிக்குள் விட்ட மாப்பிள்ளை இவன். இந்த முறை ஓடைப்பட்டி நிச்சயதார்த்தத்துக்குப் போக மகள் பெனிஷா கெஞ்சியதால் மனமில்லாமல் கொடுத்தார். கொடுக்கும்போது, "வண்டியக் கழுவக் கிழுவ வேணாம் மாப்ள, இருக்கபடிக்கே கொண்டாந்து விட்ருங்க" என்றார். மாப்பிள்ளை கையை அழுக்காக்கக் கூடாது என்கிற மரியாதை அது என்று சேவியர் குளிர்ந்து போனான். விடியுமுன் இருட்டிலேயே உறையை உருவிவிட்டு ஓட்டி வந்து, வெளுக்குமுன் பந்தலோரம் நிறுத்தியிருந்தான்.

கார் பத்திரமாகத் திரும்பினால் செப்டம்பரில் குடும்பமே வேளாங்கண்ணி போகும்போது ஸ்டீயரிங் சேவியருக்கு. மாமியார் மதலேனாள் ரகசியமாகச் சொல்லியிருந்தார். சொதப்பினால் கோயம்புத்தூர்ச் சகலைக்கு. சகலை கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு ஓட்ட, தான் பின்சீட்டில் மாமியாருக்கும் புளியோதரைத் தூக்குக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து போவதை நினைத்ததும் அவனுக்கு வியர்த்தது.

சேவியர் தேனியில் ஒரு பள்ளிக்கூடத்து லேப் அசிஸ்டெண்ட். துத்தம் என்றால் செம்பு, செம்புக்குப் புளி. பெனிஷா விசேஷ வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு உருண்டை புளி வாங்கி வந்தாள். கைக்குட்டையில் முடிந்து தேய்த்தான். புள்ளிகள் அசையவில்லை. அவற்றுக்கு மேலே பழுப்பு நிறத்தில் பட்டை பட்டையாகப் புளி காய்ந்தது. வெயிலில் மருந்து இறுகிவிட்டது என்று அதற்கும் ஒரு விஞ்ஞான விளக்கம் வைத்திருந்தான்.

"விளக்கத்த எங்கப்பாகிட்ட சொல்லுங்க" என்றாள் பெனிஷா.

வண்டி நேரே தேனிக்குப் பறந்தது. காருக்கு வேண்டிய சாமான்கள் விற்கும் சசிதரன், கையில் ஒரு பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பார்த்தார். உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. க்ளே போட்டு எடுக்க வேண்டும் என்றார். அப்படியென்றால் என்ன என்று சேவியர் கேட்டான்.

"களிமண்ணு சார். காருக்குன்னே செய்யறது."

சேவியருக்கு அதிர்ச்சி. காரில் ஒட்டிய மண்ணைக் கழுவத்தான் அதுவரை காசு கொடுத்திருக்கிறான்.

சசிதரன் மூன்று டப்பாக்களைத் திறந்து வைத்தார். நைஸ், மீடியம், ஹெவி. நைஸ் மெதுவாக எடுக்கும், பெயிண்டுக்குச் சேதமில்லை. மீடியம் கொஞ்சம் வேகம். ஹெவி எல்லாவற்றையும் பிடுங்கிவிடும், ஆனால் பெயிண்டை மங்கலாக்கும், பிறகு பாலிஷ் போட்டே தீரவேண்டும். எதுவானாலும் வழுக்குவதற்கு ஸ்ப்ரே அடித்துத்தான் தேய்க்க வேண்டும். கீழே விழுந்த களிமண்ணைக் குப்பையில் போட்டுவிட வேண்டும். இத்தனையும் பொறுமையாகச் சொன்னார். நைஸ் போதும் என்று பெனிஷா சொன்னாள். சேவியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஹெவியை எடுத்தான்.

அல்லிநகரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் வேலை ஆரம்பித்தது. பத்தே நிமிஷத்தில் பானெட்டில் ஒரு புள்ளி இல்லை. சேவியர் மனைவியைப் பெருமையோடு பார்த்தான். அவள் பானெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் ஊதியதுபோல் பானெட் முழுக்கப் புகை மூட்டம்.

பதற்றத்தில் களிமண் கையை விட்டு நழுவி வாசலில் விழுந்தது. எடுத்து, ஊதி, கதவில் தேய்த்தான். ஒட்டியிருந்த ஒற்றை மணல், முன்கதவில் ஆரம்பித்துப் பின்கதவுவரை வளைந்து வளைந்து கோடு போட்டது.

"இதென்னங்க, முல்லையாத்து மேப்பா?"

சேவியர் மறுபடி கடைக்கு ஓடினான். சசிதரன், 'நான் சொன்னேனே' என்று சொல்லாமல் முகத்தில் மட்டும் காட்டிவிட்டு, நைஸ் களிமண்ணும் பாலிஷும் கொடுத்தார். பானெட்டுக்குப் பாலிஷ் போட்டதும் புகை போய் அது கண்ணாடியாக மின்னியது. அதனால் பக்கத்திலிருந்த கதவு கிழடு தட்டித் தெரிந்தது. கதவைத் தேய்த்தால் கூரை கிழடு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, புள்ளி எடுக்க உட்கார்ந்தவன் கார் முழுவதற்கும் பாலிஷ் போட வேண்டியதாயிற்று. ஐந்து மணிக்கு முடித்தபோது வலது கை அவனுடையது மாதிரியே இல்லை. ஆனால் ஒரு புள்ளி இல்லை, ஒரு கீறல் இல்லை. கார் அன்றுதான் கம்பெனியிலிருந்து இறங்கியதுபோல் ஜொலித்தது.

ராயப்பன்பட்டி போய்ச் சேர்ந்தபோது மிக்கேல் தோட்டத்தில் இருந்தார். நல்லதாகப் போயிற்று என்று சேவியரே உறையைப் போட்டு மூடினான். சாவியை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் எந்தெந்த ஊரில் டீக்கு நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டே தூங்கிப் போனான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. உபதேசியார் முன்னால் வந்தார். கோயில் கமிட்டியில் நான்கு பேர் வந்தார்கள். பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து ஞானபாக்கியம் கையைக் கட்டிக்கொண்டு வேலியோரம் நின்றார். காரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று பெனிஷா சொன்னதும் சேவியருக்கு நெஞ்சு விம்மியது. வேளாங்கண்ணிப் பயணத்துக்கு முன்கூட்டியே ஜெபம் செய்ய வந்திருப்பார்கள் போல. சட்டையை மாற்றி, தலையை வாரிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

மிக்கேல் தேர்தலில் ஜெயித்தவர்போல நடந்து வந்தார். உறையின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

"எல்லாரும் கிட்ட வந்து நல்லாப் பாத்துக்கங்க" என்று ஒரே இழுப்பாக இழுத்தார்.

வெயில் பட்டு, கூட்டமே கண்ணை மூடித் திறந்தது. மிக்கேலின் வாய் திறந்தது, மூடவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று சேவியர் நினைத்தான். அவர் காரை இரண்டு சுற்றுச் சுற்றினார். பானெட்டை விரலால் தேய்த்தார், குனிந்து கதவை முகர்ந்துகூடப் பார்த்தார். திரும்பி மாப்பிள்ளையை அவர் பார்த்த பார்வையில் வேளாங்கண்ணி தெரியவில்லை. வேலியோரம் ஞானபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உபதேசியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பானெட்டில் தெரிந்த தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பத்து நாளைக்கு முந்தி ஞானபாக்கியம் தோட்டத்து மருந்து தெறிச்சு காரெல்லாம் புள்ளியாப் போச்சு, அந்தம்மா இல்லேங்கிறாக, சாட்சிக்குப் புள்ளி அப்படியே இருக்கு, கமிட்டியே வந்து பாருங்கன்னு கூப்பிட்டீகளே மிக்கேலு, எங்கன, ஒண்ணக்கூடக் காணோமே?"