தலைவி பின்னிய குல்லாய்

மனித நாகரிகம் சக்கரத்தில் தொடங்கியது என்று எழுதிவைத்தவர்கள் யாரும் மார்கழி விடியலில் எங்கள் புதூர்நாட்டு மலையில் நின்று தங்கள் காது மடலைத் தொட்டுப் பார்த்ததில்லை. நாகரிகம் தொடங்கியது குல்லாயில். சக்கரத்தைப் பற்றி நான் பேசாதிருப்பதே மரியாதை. எங்கள் அலுவலக ஜீப்பில் அது நான்கு இருந்தும், மலையேற்றத்தில் நாங்கள்தான் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு வருவோம்.

குல்லாயின் மகிமையைச் சர்க்கார் உணர்ந்தது, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் முடிகிற சமயத்தில். 'மலைவாழ் மாதர் ஓய்வுநேரப் பொழுதுபோக்குப் பின்னல் திட்டம்' பிறந்தது. பெயரை ஒரு முறை முழுதாகச் சொன்னாலே உடம்பு கொஞ்சம் சூடாகும். மலைப் பெண்கள் தங்கள் குல்லாய், மஃப்ளர், காலுறைகளைத் தாங்களே பின்னிக் குளிரை வெல்ல வேண்டும். எங்கள் கிளை அலுவலகத்துக்கு ஒரு மூட்டை உல்லன் நூலும் ஏழு ஜோடி ஊசியும் வந்து இறங்கின. ஊசி ஏழு ஜோடி என்பதால், திட்டத்துக்காக அமைக்கவேண்டிய மாதர் சங்கத்திலும் ஏழு பேர்.

ஒரே குறை, மாதர் வரவில்லை. அது ஐப்பசி, சாமை அறுப்பு. விறகுக் கட்டோடு போன ஒருத்தியை எங்கள் அதிகாரி ஜெபதுரை வழிமறித்தார்.

"ஏம்மா, ஓய்வு நேரத்துல வந்து பின்னக் கூடாதா?"

"ஓய்வுன்னா இன்னா சாமி?"

அதிகாரி வாயால் விளக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தே காட்டினார். அவள் தலைச்சுமையோடு சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

திட்டம் வந்துவிட்ட பிறகு, ஆள் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதுவது பண்பாகாது. ஆகவே அலுவலகத்து ஆண்கள் நாங்களே மாதரானோம். தலைவி, குமாஸ்தா ஆதிநாராயணன், அதாவது அடியேன். ஜெபதுரை செயலாளர். ஜீப் டிரைவர் மஜீத் பாயும் மற்றவர்களும் சாதாரண மாதர்.

"சகோதரிகளே!" என்று ஜெபதுரை முதல் கூட்டத்தைத் தொடங்கினார்.

"சார், இது வாணியம்பாடிக்குத் தெரிஞ்சா எங்க வூட்ல என்னை உள்ளயே வுட மாட்டாங்க," என்றார் மஜீத் பாய்.

"உறுப்பினர் பாரத்துல பேருக்கு முன்னாடி 'திருமதி'ன்னு அச்சாவே வந்திருக்கு பாய். நாம ஒண்ணும் பொய் எழுதல," என்றார் ஜெபதுரை.

கற்றுத்தர ஜோசபின் டீச்சர் திருப்பத்தூரிலிருந்து வந்தார். மாதரின் மீசைகளைக் கண்டு சற்றுத் திகைத்தாலும் கடமையில் இறங்கினார். ஊசியில் நூலைக் கோத்துக் கண்ணி போடக் கற்றுக்கொடுத்தார். கண்ணி கூட்டக் கற்றுக்கொடுத்தார். குறைப்பதற்கு வரும்போது, வெளியே உறுமிக்கொண்டிருந்த ஜீப் அணைந்தால் மறுபடி கிளம்பாது என்று மஜீத் பாய் ஹாரன் அடித்தார். டீச்சர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

மேலதிகாரிகளுக்குக் குல்லா போட்டுப் பழகிய கை என்பதால் எனக்குப் பின்னல் உடனே வசப்பட்டது. இந்தப் 'பொழுதுபோக்கு' என் பொழுதையெல்லாம் தின்றது. காலுறை ஒன்று பின்னினேன். குதிகால் முன்பக்கம் வந்தது. அஞ்சாமல் குல்லாயில் இறங்கினேன். அது என் தலையைத் தாண்டியது. தோளைத் தாண்டியது. குறைக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? கூட்டிக்கொண்டே போனேன். முடிவில் போட்டுப் பார்த்தபோது உள்ளே இருட்டாக இருந்தது, சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னா தலைவி, கூடாரமா?" என்றார் மஜீத் பாய்.

"பெரிய மனுஷங்க தலைக்குப்பா," என்றேன்.

மார்கழியில், திட்டத்தைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஓர் அம்மையார் வருகிறார் என்று தகவல் வந்தது. குல்லாயைக் காட்சி மேசையின் நடுவில் வைத்தோம். அந்த நேரத்தில்தான் வடிவு வந்தாள். மலைச்சாமி சேர்வராயனைக் கும்பிடும் சனம்; பேசவே கூச்சப்படுகிறவள். பிறந்து சில நாளே ஆன குழந்தையை முந்தானையில் சுற்றியிருந்தாள். அதன் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது.

"குளுர்ல இது அழக்கூட மாட்டேங்குது சாமி. அந்த நூலுல கொஞ்சம் குடு, மேல சுத்தி வெச்சுக்கறேன்."

"நூல் சங்கத்து உறுப்பினருக்குத்தாம்மா," என்றார் ஜெபதுரை.

"அப்ப என்னியும் சேத்துக்க."

"எடம் ரொம்பிடுச்சே. மாதர் ஏழு பேரும் இருக்காங்க."

வடிவு அறையைச் சுற்றிலும் பார்த்தாள். "எங்க சாமி?"

எல்லோரும் ஊசியின் மீது குனிந்தோம். மஜீத் பாய் மட்டும் உண்மை பேசினார்.

"நாங்கதாம்மா."

அவள் சிரித்திருக்கலாம். சிரிக்காததுதான் தாங்கவில்லை.

"சார், நான் ராஜினாமா பண்றேன். என் எடத்துல இவங்களப் போடுங்க," என்றேன்.

"காரணம் வேணுமே. விதியில மூணுதான் இருக்கு. கல்யாணம், பிரசவம், மரணம். உங்களுக்கு எது தோதுப்படும்?"

கல்யாணம் முன்பே ஆகிவிட்டது. மரணத்துக்கு லீவு பாக்கி இல்லை. "பிரசவம்னு போடுங்க சார்."

இவ்வாறாக, எங்கள் மாதர் சங்கத்தில் முதன்முதலாக ஒரு பெண் சேர்ந்தாள். கைதட்டினோம்.

"இப்ப நூலு?" என்றாள் வடிவு.

"அடுத்த கூட்டத்துல தீர்மானம் போட்டதும் உடனே. தை பொறக்கட்டும்மா."

குழந்தை தும்மக்கூடத் திராணியில்லாமல் வாயை மட்டும் திறந்தது. நான் காட்சி மேசைக்குப் போனேன். "அது அம்மையாருக்கு வெச்சது!" என்று ஜெபதுரை கத்துவதற்குள் குல்லாய் வடிவின் கையில் இருந்தது. அவள் குழந்தையைக் கால்பக்கமாக அதற்குள் இறக்கினாள். கழுத்துவரை போயிற்று. அப்படியும் மிச்சமிருந்ததை இரண்டாக மடித்துவிட்டாள். நாங்கள் ஏழு பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் கழித்து அது வீறிட்டு அழுதது. அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் அவ்வளவு நியாயமாகப் பேசியதில்லை.

அம்மையார் வந்தார். ஒரே பெண் உறுப்பினரை முன்னால் நிறுத்தினோம்.

"இது என்ன?"

"குல்லாய்ங்கம்மா," என்றாள் வடிவு.

"குல்லாய்க்குள்ள தலைதானே இருக்கணும்?"

"தல மட்டுந்தாம்மா வெளிய கீது."

அம்மையார் உல்லனைத் தடவிப் பார்த்தார். "நல்லா கனமா இருக்கே! யார் பின்னினது?"

"எங்க தலைவிங்க," என்றார் ஜெபதுரை. "பிரசவத்துக்காக ராஜினாமா பண்ணிட்டாங்க."

அம்மையாரின் கண் கலங்கியது. "பாவம்! தாயும் சேயும் சௌக்கியமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சௌக்கியம்ங்கம்மா," என்றேன்.

திட்டம் மகத்தான வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. மறு வருஷம் மாதர் எண்ணிக்கை இரட்டிப்பானது. ஆள் போதாமல், கீழேயிருந்து இன்னும் சில ஆண்களை மாற்றலில் அனுப்பிவைத்தார்கள். வடிவின் நூலுக்குத் தையில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதற்குள் நூல் தீர்ந்திருந்தது. தீர்மானத்துக்குக் கை தூக்கிய எல்லோர் கழுத்திலும் மஃப்ளர் இருந்தது.

என் கைத்திறனை இன்றும் சிலர் மெச்சுகிறார்கள். அடக்கத்தோடு மறுக்கிறேன். அந்தக் குளிரில் சர்க்கார் நூல் ஒரு குழந்தைக்குப் போய்ச் சேர்ந்ததென்றால், நான் தப்பாகப் பின்னியதால்தான். ஒழுங்காகப் பின்னியிருந்தால், அது என் தலையில் இருந்திருக்கும்.