நோராவின் கல்யாணமும் நேசநாடுகளின் வெற்றியும்

சாந்தோம், மைலாப்பூர்
1945 ஜூன் 16, சனிக்கிழமை

பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வு பெற்ற உபாத்தியாயர் காஸ்பர் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு சர்வேசுரன் கிருபையால் நானும் என் மனைவி லூயிசாவும் மகள் நோராவும் சுகம். தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தாரும் இந்தக் காகிதப் பஞ்சத்திலும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நான் இருபது வருஷமாகத் தங்கள் பத்திரிகையை வாசிப்பவன். பக்கத்து வீட்டில் வாங்கி வாசிப்பவன்தான் என்றாலும் ஒரு வரி விடாமல் வாசிப்பவன். அந்த உரிமையில் ஒரு சின்ன உதவி கேட்கிறேன். இந்த யுத்தத்தில் நாம் ஜெயித்துவிட்டோமா இல்லையா என்பதைத் தங்கள் பத்திரிகையில், வரும் சனிக்கிழமைக்குள், பெரிய எழுத்தில் போட வேண்டும். விஷயம் உலக சம்பந்தமானது அல்ல. என் மகளின் கல்யாண சம்பந்தமானது.

1942-ம் வருஷம் ஜனவரியில் நோராவுக்கும், துறைமுக ஆபீஸ் ஸ்தனிஸ்லாஸ் அவர்களின் மகன் ஆம்ப்ரோஸுக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. பையன் தந்தி இலாகாவில் வேலை. தங்கமானவன். ஸ்தனிஸ்லாஸ் அப்போதுதான் விமானத் தாக்குதல் காவல் படையில் வார்டனாகி, இரும்புத் தொப்பியும் விசிலும் பெற்றிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தொப்பியோடு எழுந்து நின்று, “நாடு யுத்தத்துல நிக்கும்போது என் வீட்ல பாண்டு வாத்தியமா? வெற்றி கிடைச்ச மறுவாரம் கல்யாணம். இது என் வாக்கு!” என்றார். அறுபது பேர் கை தட்டினார்கள். உண்மையை மறைப்பானேன், நானும் எழுந்து ஆமோதித்தேன். முப்பத்திரண்டு வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரு கூட்டத்தைப் பார்த்தால் பேசாமல் இருக்க முடிவதில்லை. லூயிசா மட்டும் கை தட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், “வெற்றின்னா எதுன்னு கேட்டீங்களா?” என்றாள். வெற்றி என்றால் வெற்றிதான் என்று விளக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தாங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூர் போயிற்று, ரங்கூன் போயிற்று. ஒவ்வொரு தடவையும் ரேடியோவில் பெரியவர்கள், “முன்கூட்டியே திட்டமிட்டபடி பின்வாங்கினோம்” என்றார்கள். ஸ்தனிஸ்லாஸ் தம் கூடத்துச் சுவரில் உலகப் படம் மாட்டி, நோரா கல்யாண கவுன் துணியில் குத்தி வைத்திருந்த குண்டூசிகளை இரவல் வாங்கி, நம் சேனைகளைப் பின்னால் பின்னால் குத்திக்கொண்டு வந்தார். ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானது. வரவில்லை. எல்லோரும் திரும்பி வந்து தூசி தட்டியதும் நான் போய், “சம்பந்தி, எதிரி வரவே இல்லையே, இது வெற்றிதானே?” என்று கேட்டேன். “வராதது அவன் சோம்பேறித்தனம். விரட்டினாத்தான் வெற்றி” என்றார்.

அடுத்த வருஷம் ஆப்பிரிக்காவில் விரட்டினார்கள். “அது பாலைவனம், சம்பந்தி. மணலை ஜெயிச்சு என்ன பண்றது?” என்றார். இத்தாலி சரணடைந்தது. “இத்தாலி தோத்தா ஜெர்மனி தோத்ததா அர்த்தமா?” என்றார். போன வருஷம் ரோமாபுரி மீண்டபோது நான் விடவில்லை. “பாப்பரசரே பத்திரமா இருக்காரு. கத்தோலிக்கனுக்கு இதைவிட என்ன வெற்றி வேணும்?” என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, “பாப்பரசர் நடுநிலை. அவரை நம்ம பக்கத்துக் கணக்குல சேர்க்கப்படாது” என்றார். இதற்குள் ஆம்ப்ரோஸுக்குத் தைத்த கல்யாணக் கோட்டைச் சொந்தக்காரர்கள் இரவல் வாங்க ஆரம்பித்தார்கள். துணி கிடைக்காத காலம், இல்லை என்று சொல்ல முடியுமா? அந்தக் கோட்டுக்கு இதுவரை மூன்று கல்யாணம் ஆகிவிட்டது. ஆம்ப்ரோஸுக்கு ஒன்றுகூட ஆகவில்லை. விருந்துக்கென்று வாங்கிய இரண்டு வான்கோழிகள் இப்போது பதினொன்று. தபால்காரர் எங்கள் வீட்டுக் கடிதங்களை வேலிக்கு வெளியிலிருந்து வீசுகிறார்.

போன மாதம் ஜெர்மனியே மண்டியிட்டது. கோயில் மணி அடித்தது. நான் புது வேட்டி கட்டிக்கொண்டு போனேன். ஸ்தனிஸ்லாஸ் படத்தின் வலது ஓரத்தைத் தொட்டுக் காட்டி, “ஜப்பான்?” என்றார். “நிபந்தனை இல்லாம சரணாகதி அடையணும், சம்பந்தி. அதுக்கப்புறம் நிலையான சமாதானம் ஏற்படணும்.” நிலையான சமாதானம்! ஐயா, நோராவுக்கு இருபத்தாறு வயது நடக்கிறது.

வகுப்பில் சொல்லும் உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். ஓட்டப்பந்தயத்தில் முடிவுக் கயிற்றை இரண்டு பேர் அசையாமல் பிடித்து நிற்பார்கள். ஓடுகிறவன் அதைத் தொட்டால் ஜெயம். கயிறு பிடித்தவர்களும் முன்னால் ஓட ஆரம்பித்தால், ஓடுகிறவன் கதி என்ன? தலைவர்கள் கயிறு பிடித்து ஓடுகிறவர்கள். இதில் இன்னொரு வேடிக்கை. தோற்ற தலைவர்கள் கடைசி வாரம் வரை வெற்றி நமதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்த தலைவர்கள் இது இன்னும் வெற்றி அல்ல என்கிறார்கள். இரண்டு பேர் சொல்லுவதையும் சண்டை போடுகிறவன்தான் தாங்க வேண்டியிருக்கிறது. இதையே கச்சேரி ரோடில் ரிக்‌ஷா இழுக்கும் சின்னப்பையன் என்பவனிடம் சொன்னேன். “இன்னா வாத்தியாரே, மணி அடிச்சானுங்கோ, ஜெயிச்சுட்டோம்னானுங்கோ. யாரு நைனா ஜெயிச்சது? மண்ணெண்ணெய்க்கு நான் இன்னும் க்யூவுலதான் நின்னுகினு கீறேன். ஒரு பாட்டில் கைல வந்துச்சுன்னா, அன்னிக்கு நான் ஜெயிச்சேன்” என்றான். பெரியவர்கள் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது அவசரம் என்னவென்றால், ஆம்ப்ரோஸை நாகபுரிக்கு மாற்றிவிட்டார்கள். ஜூலை நான்காம் தேதி ரயிலேற வேண்டும். போனால் எப்போது லீவு கிடைக்குமோ தெரியாது. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். தாங்கள் வரும் வாரத்துக்குள் வெற்றியை அறிவித்தால் இரண்டு ஞாயிறு கிடைக்கும். மூன்றாவது ஓலையை மன்னிக்கச் சொல்லி பிஷப் மேற்றிராணியார் காலில் விழுவேன். ஸ்தனிஸ்லாஸ் ஒப்புக்கொண்டிருக்கிறார். “பத்திரிகைல போடட்டும், கட்டுப்படறேன். அறுபது பேர் முன்னால சொன்ன வாக்கு, சும்மா மீற முடியுமா?” என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அறிவிப்புகளை வாசிக்கத் தொடங்கியதும் ஆண்கள் சிலர் வெளியே பூவரச மரத்தடிக்கு வந்துவிடுவோம். அங்கே நாங்கள் இருவரும் உலக நிலவரத்தை அலசுவது வழக்கம். போன ஞாயிறு அங்கேதான் இதற்குச் சம்மதித்தார். எங்கள் கோயில் பங்கு ஜனங்களின் நாட்டுப்பற்றையும் சொல்ல வேண்டும். ஜெர்மனி வீழ்ந்து ஒரு மாதம் ஆகியும், இரண்டு வாரமாகப் பூசை முடிந்ததும் எல்லோரும் வந்து எங்கள் கையைக் குலுக்கி வாழ்த்துகிறார்கள். நாங்களும் ஜப்பான் இன்னும் பாக்கி இருக்கிறது என்று நினைவூட்டி அனுப்புகிறோம்.

நேற்று நோராவிடம், பத்திரிகைக்கு எழுதுகிறேன், கவலைப்படாதே என்றேன். கவுனை மடியில் வைத்து ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். “மெதுவா எழுதுங்கப்பா. கையெழுத்து அழகா வரணும்” என்றாள். பொறுமையான பெண். அவளுக்காகவாவது இரக்கம் வைக்க வேண்டும்.

தங்கள் பேனாவுக்கும் காகிதத்துக்கும் குறைவில்லாமல், தங்கள் வீட்டில் நடக்க வேண்டிய சுபகாரியங்கள் எந்தத் தேசத்தின் சரணாகதிக்கும் காத்திராமல் நடக்க வேண்டுமென்று பிரார்த்திக்கும்,

தங்கள் உண்மையுள்ள வாசகன்,
ம. காஸ்பர்

பி.கு. – ஞாயிறு, 17-ந் தேதி. நேற்றுத் தபால்தலை வாங்க மறந்ததால் கடிதம் மேஜைமேலேயே இருந்தது. இன்று பூசை முடிந்ததும், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மரத்தடிக்கு வந்து, “புதன்கிழமை கல்யாணப் பூசை ஆறு மணிக்கா, ஏழு மணிக்கா?” என்றார். யார் கல்யாணம் என்று கேட்டோம். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளைகள் இரண்டும் மே மாதமே சாமியாரிடம் பெயர் கொடுத்துவிட்டார்கள். மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தாயிற்று. பங்கு முழுவதும் கேட்டிருக்கிறது. கேளாதவர்கள் இரண்டே பேர். அந்த வாழ்த்துகள் ஜெர்மனிக்கு அல்ல. லூயிசா கேக்குக்கு உலர்ந்த திராட்சை ஊறப்போட்டுப் பத்து நாளாகிறதாம்.

ஸ்தனிஸ்லாஸ் பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, “சம்பந்தி, நான் ஆரம்பத்துலேருந்து சொன்ன வெற்றி இதுதான்! எதிரி எதிர்பாராத நேரத்துல, சத்தமில்லாம முன்னேறி முடிச்சுட்டாங்க பாருங்க!” என்றார். “எதிரி யாருங்க அண்ணே?” என்று, பூசை முடிந்து அங்கே வந்த லூயிசா கேட்டாள். “அது ராணுவ ரகசியம்மா” என்றார். எனக்கும் யோசித்துப் பார்க்கையில் நான் விரும்பியதுதான் நடந்திருக்கிறது. ஆகவே நானும் ஜெயித்தவன்தான். தோற்றவர்கள் எங்கள் தரப்பில் ஒருவரும் இல்லை. எனவே மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். வெற்றியை எப்போது வேண்டுமானாலும் அறிவியுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். ஆம்ப்ரோஸின் கல்யாணக் கோட்டை வரும் புதன்கிழமை சைதாப்பேட்டையில் வேறொரு கல்யாணத்துக்கு இரவல் தருவதாக ஸ்தனிஸ்லாஸ் வாக்குக் கொடுத்துவிட்டார். அதனால் நம் கல்யாணத்தை இரண்டே நாள் தள்ளி வைக்கலாமே என்று வீட்டில் மெதுவாகச் சொன்னேன். நோரா ஊசியைக் கீழே வைத்தாள். லூயிசா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். முன்கூட்டியே திட்டமிட்டபடி பின்வாங்கினேன்.