பதினேழாவது வரி

சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் நோட்டைத் திறந்திருக்கக் கூடாது. அச்சகத்தில் இருபது வருஷமாகப் பிழை திருத்துகிறவருக்கு அந்தப் புத்தி, கெடுத்த பிறகுதான் வந்தது.

அப்பா இடுகாட்டுக் காவலாளியாக இருந்தவர். பெருவெள்ளத்தில் செத்து ஒதுங்கிய முப்பத்தோரு பேரைப் புதைத்து, பெயர்களை நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார். அந்தப் பட்டியல் வேறெங்கும் கிடையாது. பதினோரு மணிக்கு ஆவணக் காப்பகத்து அம்மா வந்து நோட்டை வாங்கிப் போகிறார். பெயர்களை நினைவுக் கல்லில் வெட்டப்போகிறார்கள்.

பதினேழாவது பெயர் மட்டும் வரிசையைவிட்டு விரலகலம் தள்ளி நின்றது. கை சும்மா இருக்குமா? ‘இடப்பக்கம் இழு’ என்கிற பிழைதிருத்தக் குறியாகப் பெயர்மேலேயே ஒரு கோடு இழுத்துவிட்டது.

“ஐயையோ!”

மனைவி ஓடிவந்து பார்த்தாள். “ஈரத்துணியால லேசா ஒத்தி எடுங்க, போயிடும்.”

போனது. கோட்டோடு பெயரும் போனது.

“லேசான்னுதானே சொன்னேன்?”

“லேசாத்தான் ஒத்தினேன். தாள் வேற நமுத்துப்போச்சே!”

“இஸ்திரி போடுங்க, காஞ்சிரும்.”

போட்டார். தெருவில் கார்ச் சத்தம் கேட்க, காப்பகத்து அம்மாதான் வந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டுக்கு வந்த கார். திரும்பினால், தாளின் நடுவே, பதினேழாவது வரி இருந்த இடத்தில், இஸ்திரிப் பெட்டி மூக்கை நுழைத்துக் கருக்கியிருந்தது.

“அங்க என்ன பேரு இருந்துச்சு?” என்றாள் மனைவி.

“வரி கோணலா இருக்கேன்னு பார்த்தேனே ஒழிய, பேரை எங்கடி படிச்சேன்!”

மணி பத்தே கால். கருகிய தாளைக் கிழித்தெடுத்தார். அதைப் பார்த்து, நோட்டின் வெற்றுத்தாள் ஒன்றில் அப்பாவின் கையெழுத்தைக் காப்பியடித்து மீதி முப்பது பெயர்களையும் எழுதினார். பதினேழாவது இடத்தில் வாய்க்கு வந்த ஒரு பெயர். செத்தவர் யாரோ, அவருக்குச் செய்கிற துரோகம் என்று நெஞ்சு உறுத்தியது. ஆனாலும் அந்த வரியை மறக்காமல் நேராக்கினார்.

அவர் கருகிய தாளைச் சட்டைப்பையில் திணிக்கவும் காப்பகத்து அம்மா ஒரு கிழவரோடு வரவும் சரியாக இருந்தது. அப்பாவோடு குழிவெட்டியவர். அவரைப் பார்த்ததும் இவர் நோட்டை அம்மாவிடமே நீட்டினார்.

“எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க சார்! இப்படி ஒரு குடும்பத்தை நான் பார்த்ததே இல்ல,” என்று அம்மா மெச்சினார். ரசீதுப் புத்தகம் எடுக்கக் காருக்குப் போனார்.

கிழவர் நோட்டை வாங்கிக்கொண்டார். “எனக்கு எழுத்து தெரியாது தம்பி. எண்ணத் தெரியும்.”

விரல் ஓரமாகக் கீழே இறங்கியது, மேலே ஏறியது, மறுபடி இறங்கியது.

“நான் தேடினா கிடைக்கணும்னு தள்ளி எழுதச் சொன்னேன். தள்ளித்தான் இருந்துச்சு. கண்ணும் போயிடுச்சு போல.” ஒவ்வொன்றாக எண்ணிப் பதினேழில் நின்றார். அந்த இடத்தை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

இவர் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது. “யா... யாருங்க அது?”

“மத்த முப்பதும் முகம் தெரியாத பொணம் தம்பி, பேரில்லாம புதைக்க மனசு வராம உங்கப்பாவா வெச்ச பேருங்க. நிஜப் பேரு இந்த ஒண்ணுதான், என் தங்கச்சி.”