அம்மா சாப்பிட்ட ஸ்பானர்

தள்ளுபடியில் கிடைக்கும் கருவிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு தூத்துக்குடியில் யாருக்கும் தெரியாது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, உப்பளம், சூரத் சாயப்பட்டறை, துறைமுக லாரி என்று அலைந்த காலத்தில் நான் வாங்கி உடைத்தவற்றை வைத்து ஒரு கடையே போடலாம். (வாங்கத்தான் ஆள் வராது.)

சில வருடங்களுக்கு முன் அக்காள் பெரிய ஆபரேஷன் முடிந்து பிழைத்து வந்தாள். அதற்காக நேர்ந்துகொண்ட அத்தான், குலசை அம்மன் கோயில் தசராவுக்குக் காளி வேஷம் கட்டினார். வேஷத்தோடு ஊரூராகப் போய் எடுத்த காணிக்கையைப் பத்தாம் நாள் சூரசம்ஹாரத்துக்கு முன் கோயிலில் செலுத்தியாக வேண்டும். லோடு ஆட்டோ ஓட்டுவது நான். குடும்பம் என்னை நம்பி ஒப்படைத்த முதல் பொறுப்பு.

பொறுப்பு வந்ததும் மூளை வேலை செய்யத் தொடங்கியது. பஸ் ஸ்டாண்டு அருகே தள்ளுபடி விற்பனையில் பளபளவென்று ஒரு பெட்டி. வீல் ஸ்பானரோடு சேர்த்து இருபத்துநான்கு சாமான். புதுசுதான் வந்துவிட்டதே என்று, வண்டியில் கிடந்த துருப்பிடித்த ஸ்பானரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கினேன். அதை விரதத்தில் இருந்த அத்தானிடமே கொடுத்தேன்.

"ஏளா, ஒன் தம்பிக்கு எம்மேல என்னா பாசம் பாத்தியா!" என்று அக்காளிடம் உருகியபடி சாப்பிட்டார்.

பத்தாம் நாள் மத்தியானம், காயல்பட்டினத்துக்குள் நுழையும்போது பின் டயர் உட்கார்ந்துவிட்டது. புது ஸ்பானரை நட்டில் மாட்டி ஏறி மிதித்தேன். நட்டு அசையவில்லை. ஸ்பானர்தான் முறுக்கு மாதிரி திருகிக்கொண்டது.

சடைமுடியும் கிரீடமும் முதுகில் கட்டிய மரக்கைகளுமாக, எட்டுக் கையோடு காளி வண்டியிலிருந்து இறங்கியது. வாயில் கோரைப்பல் மாதிரி மாட்டிய வீரப்பல் இருந்ததால் பேச முடியவில்லை, உறுமியது.

வேஷம் கட்டியவரை 'அம்மா' என்றுதான் அழைக்க வேண்டும். பதற்றத்தில், "கொஞ்சம் பொறுங்க அத்தாம்மா" என்றேன்.

"ஏலே, பழைய ஸ்பானர் எங்கலே?" என்றாள் பின்னாலேயே இறங்கிய அக்காள்.

"அது... அம்மா சாப்பிட்டுட்டாங்க."

காளி வீரப்பல்லைக் கழற்றிக் கையில் எடுத்தது. "என்னலே சொல்லுத?"

"அந்தப் பேரீச்சம்பழம்..."

அத்தானுக்குப் புரிந்துவிட்டது. "எட்டுக் கை இருக்குலே எனக்கு! பிடிக்க ஒரு ஸ்பானர் இல்லாம ஆக்கிட்டியே!" என்று வாளோடு பாய்ந்தார். நான் வண்டியைச் சுற்றி ஓடினேன். அதற்குள் ஒரு வேன் நின்று, அதிலிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள்.

"ஆத்தா உக்கிரமா இருக்கா, சீக்கிரம் கால்ல விழுங்க!"

அத்தான் நின்று அவர்களுக்குத் திருநீறு பூசினார். பூசி முடித்ததும் மறுபடி துரத்தினார்.

அந்த வழியாக ஸ்கூட்டரில் வந்த ஒரு காக்கா (காயலில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் ஸ்பானரை எடுத்து வந்தார். துபாயில் லாரி ஓட்டியவராம். ஒரே அழுத்து. நட்டு கழன்றது.

"விலை ரொம்ப இருக்குமே காக்கா?"

"வாங்குன அன்னிக்கு வயிறு எரிஞ்சிச்சி. அதோட சரி, தம்பி. உமக்குத்தான் நடுரோட்டுல எரியிது."

பொழுது சாயும் நேரத்தில் கோயிலை எட்டினோம். காணிக்கை செலுத்தும்போது அக்காள் அழுதாள். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நானும் அழுதேன்.

பெட்டியில் மிச்சமுள்ள இருபத்துமூன்றும் இன்றும் என்னிடம் உண்டு. காலண்டருக்கு ஆணி அடிக்க, டார்ச் லைட்டைத் திறக்க அருமையான சாமான்கள். கருவி உடைந்தால் நான் மட்டும் அசடு வழிய வேண்டிய வேலைக்கு மலிவாக வாங்குவேன். அடுத்தவர் என்னை நம்பி ஏறி உட்காரும் வண்டிக்கு, காக்கா சொன்ன வயிற்றெரிச்சலோடு வாங்குகிறேன்.

போன வாரம் அக்காள் வீட்டில் டிவி ரிமோட்டைக் காணவில்லை. "எங்க போச்சி?" என்று அவள் கேட்டு முடிக்கவில்லை. சோற்றிலிருந்து தலையைத் தூக்காமலே அத்தான் சொன்னார்:

"நான் சாப்பிடல. ஒன் தம்பியக் கேளு."