சகலை மிதித்த சைக்கிள்

கோவர்த்தனன் அந்தப் போட்டோவை விரலால் பெரிசு பண்ணிப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் பெரிசு பண்ணினார். இப்போது சகலை உமாபதியின் முழங்கால் மட்டும் திரை முழுக்கத் தெரிந்தது. பாழாய்ப்போன முழங்கால், அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நகரியில் எட்டு பவர்லூம் தறி ஓட்டுகிற மனிதருக்குக் காலை ஏழு மணிக்கு இது தேவையில்லாத வேலை. ஆனால் பதினோரு நாளாக அவருக்கு இதே வேலைதான். திருப்பதியில் குடியிருக்கும் உமாபதியும் அவன் மனைவி சந்தியாவும் மகள் சுஷ்மிதாவைப் பார்க்க பிரான்ஸ் போயிருந்தார்கள். சந்தியா, கோவர்த்தனன் மனைவி ஸ்வர்ணலதாவின் கூடப்பிறந்த தங்கை. போனவர்கள் மகள் வீட்டில் ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் திரும்பியிருக்கலாம். வாடகைக்கு சைக்கிள் எடுத்தார்கள். பர்கண்டி என்கிற சீமையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கிராமம் கிராமமாக ஓட்டினார்கள். ஓட்டியதோடு விட்டார்களா? தினம் ஒரு போட்டோ, குடும்ப வாட்ஸ்அப் குழுவில்.

ரோட்டில் ஒரு லாரி கிடையாது. ஒரு ஆட்டோ கிடையாது. இரண்டு பக்கமும் திராட்சைச் செடிகள், எண்ணெய் வைத்துத் தலை வாரினமாதிரி வரிசை வரிசையாக. தூரத்தில் எண்ணூறு வருஷத்துச் சர்ச். கல் வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. நட்டநடுவே தலையில் ஹெல்மெட், நெற்றியில் நாமம், இடுப்பில் அரை டிராயரோடு உமாபதி. கீழே எழுதியிருந்தான்: "டுடே 28 கிலோமீட்டர். நோ டயர்ட்."

சகலை என்றால் சகலத்திலும் போட்டி என்பது கோவர்த்தனனின் முப்பது வருஷத்து அபிப்பிராயம். உமாபதி கார் வாங்கினான், தாங்கினார். மாடி கட்டினான், தாங்கினார். இப்போது தாங்க முடியாததற்குக் காரணம் போட்டோ இல்லை. போட்டோவுக்கு அடியில் ஸ்வர்ணலதா போட்டிருந்த சிவப்பு இதயம்.

போன தை மாதம் கோவர்த்தனன் திருமலையில் மொட்டை போட்டு, அதே குழுவில் படம் அனுப்பினார். அதற்கு அவள் போட்டது கும்பிடும் கை.

"இன்னா லதா, அந்தாளு முட்டிக்கெல்லாம் ஹார்ட்டு போட்டுக்கினு கீற?"

"முட்டிக்கா போட்டேன்? ஊருக்குப் போட்டேன். எவ்ளோ அமைதியா கீது பாருங்க."

"பர்கண்டியோ கல்கண்டோ! நம்ம புத்தூர் பக்கம் மாந்தோப்பு இல்லியா?"

"கீது. அதுக்கு நடுவுல நீங்க சைக்கிள்ல போனதுதான் இல்ல."

"அடியே, அது பேட்டரி சைக்கிளு! இத பாரு, சீட்டுக்குக் கீழ கருப்பா டப்பா. மிதிக்கிறமாதிரி நடிக்கிறது இவரு. ஓட்றது கரண்ட்டு!"

"நம்ம தறியும் கரண்ட்லதான் ஓடுது. நான் நெய்யறேன், நான் நெய்யறேன்னு நீங்க ஊரெல்லாம் சொல்லிக்கலியா?"

கோவர்த்தனன் எழுந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். பெரிய தீர்மானங்களுக்கு அவர் வேட்டியை மடித்துக் கட்டுவது வழக்கம்.

"வர்ற ஞாயித்துக்கெழம பாரு. நகரியிலருந்து நாராயணவனம். இருபது கிலோமீட்டரு. பேட்டரி இல்ல, கீட்டரி இல்ல. கோபுரத்துக்கு முன்னால சைக்கிளோட நின்னு போட்டோ போட்றேன். அப்ப தெரியும், ஆம்பள யாருன்னு."

இந்த இடத்தில் ஸ்வர்ணலதா, 'இந்த வயசுல எதுக்குங்க, உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் இன்னா பண்ணுவேன்' என்று கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டும். அவரும் மனசே இல்லாமல் நின்றிருக்க வேண்டும். திட்டம் அதுதான். ஆனால் அவள் நாள்காட்டியைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம வாணாங்க. திருப்பதி போற வண்டிங்க ஜாஸ்தி. வியாழக்கிழம போங்க, ரோடு காலியா இருக்கும். புளிசாதம் கட்டித் தரேன். அவசரமே வாணாம், நெழல் நெழலா ஒக்காந்து சாயங்காலமா வந்தாப் போதும்."

கோவர்த்தனன் தலையை ஆட்டினார். பாசத்தால் பாதி, பயத்தால் பாதி.

புதன்கிழமை பழைய சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, ரயில்வே கேட் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். திரும்பி வரும்போது சைக்கிள் அவரைச் சுமக்கவில்லை, அவர்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கி முடித்ததும் முதல் வேலையாகப் பவன்குமாருக்கு போன் செய்தார். பவன்குமார் அவருக்கு நூல் மூட்டை ஏற்றி வருகிற குட்டியானை வண்டிக்காரன்.

வியாழக்கிழமை விடியற்காலை ஸ்வர்ணலதா குங்குமம் வைத்தாள். தெருவில் தேங்காய் உடைத்தாள். கோவர்த்தனன் போர்க்களத்துக்குப் போகிறவர்மாதிரி மணியடித்துக்கொண்டே புறப்பட்டு, தெருமுனை திரும்பி, அரிசி மில்லுக்குப் பின்னால் இறங்கினார். சைக்கிள் மூட்டைகளுக்கு நடுவே ஏறியது. அவர் முன் சீட்டில் ஏறினார். வழியிலிருக்கும் மூக்குமலை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.

நாராயணவனத்துக்கு ஒரு பர்லாங் முன்னால் பவன்குமார் எழுப்பினான். அவர் இறங்கி, பாட்டில் தண்ணீரைச் சட்டையின் முதுகில் ஊற்றிக்கொண்டார். வேர்வை இயல்பாக இருக்க வேண்டும் என்று அக்குளில் தனியாகக் கொஞ்சம். கோபுரத்துக்கு முன்னால் சைக்கிளோடு நின்று, வாயைத் திறந்து, இரைக்கிறமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பவன்குமாரைப் போட்டோ எடுக்கச் சொன்னார். குழுவில் போட்டார்: "20 கிலோமீட்டர். நோ பேட்டரி."

பர்கண்டியில் அப்போது இன்னும் விடியவே இல்லை; ஆனாலும் பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. "அண்ணா, மீரு க்ரேட்! நான் டூப்ளிகேட், நீங்கதான் ஒரிஜினல்!"

அதை ஆறு தடவை படித்தார். அதற்குக் கீழே ஸ்வர்ணலதாவிடமிருந்து சிவப்பு இதயம். ஒன்றில்லை, மூன்று.

பிறகுதான் ஒரு சிக்கல் உறைத்தது. மணி ஏழரைகூட ஆகவில்லை. இப்போதே வீட்டுக்குப் போனால் சைக்கிளில் போனவன் என்று யார் நம்புவார்கள்? போன் செய்ததும் வந்து ஏற்றிப்போகும்படி பவன்குமாரை அனுப்பிவிட்டு, மாந்தோப்பில் துண்டை விரித்தார். எறும்பு கடித்தது. எட்டரைக்குப் புளிசாதத்தைத் தின்று முடித்தார். பத்து மணிக்கு மனைவிக்கு போன் செய்தார்.

"லதா, தெம்பாத்தான் கீறேன். இப்பவே கெளம்பி வந்துடட்டா?"

"ஐயோ, வாணாங்க! வெயில் தாழ வாங்க."

பின்னால் யாரோ தெலுங்கில் நம்பர் நம்பராகக் கூப்பிடுவது கேட்டது. டி.வி. என்று நினைத்துக்கொண்டார். பன்னிரண்டுக்குக் கேட்டார், இரண்டுக்குக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அதே பதில், அதே பாசம். முப்பது வருஷத்தில் அவள் இவ்வளவு அக்கறையாகப் பேசி அவர் கேட்டதில்லை.

அடுத்த ஒரு மாதம் அவர் வாழ்வின் பொற்காலம். டீக்கடையில் சொன்னார். சலூனில் சொன்னார். சொல்லச் சொல்ல வழியில் மேடு ஏறியது, எதிர்க்காற்று அடித்தது, ஒரு நாய்கூட இரண்டு மைல் துரத்தியது. ஊர் திரும்பிய உமாபதி ஒரு பாட்டில் திராட்சை ஜாமோடு வந்து, காலைத் தொடாத குறையாகப் பாராட்டிவிட்டுப் போனான்.

ஆடி முடிந்த ஒரு காலையில் ஸ்வர்ணலதா தோசைத் தட்டை வைத்தாள். தட்டுக்குப் பக்கத்தில் கருநீல அட்டை போட்ட ஒரு சின்ன புத்தகத்தையும் வைத்தாள்.

"இன்னா இது?"

"பாஸ்போர்ட்டு. என்னுது. விசாவுக்கு அடுத்த வாரம் சென்னை போறேன். புரட்டாசியில சந்தியாவும் நானும் சுஷ்மிதா வீட்டுக்கு. அங்க திராட்ச பறிக்கிற சமயமாம். பதினஞ்சு நாளு, சைக்கிள்லயே சுத்தப் போறோம்."

"எப்ப எடுத்த இத?"

"நீங்க நாராயணவனம் போனீங்களே, அன்னிக்கு. திருப்பதி ஆபீஸ்ல வியாழக்கிழமதான் நேரம் குடுத்தாங்க. டோக்கன் கூப்புட்ற நேரமாப் பாத்து நீங்க வேற போன் மேல போனு."

கோவர்த்தனன் பிட்ட தோசையைத் தட்டிலேயே போட்டார். "போலீஸ் விசாரணைன்னு ஒண்ணு வருமே!"

"வந்தாரே. நீங்கதான ஒக்கார வெச்சி காபி குடுக்கச் சொன்னீங்க. நாய் தொரத்துன கதையெல்லாம் சொன்னீங்க. அவர எங்க பேச உட்டீங்க? நடுவுல 'இந்தம்மா எப்பிடி'ன்னு கேட்டாரு. 'சொக்கத்தங்கம்'னீங்க. எழுதிக்கினு போயிட்டாரு."

"உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதேடி!"

"புத்தூர் ஐஸ்கூலுக்கு அஞ்சு வருஷம் சைக்கிள்லதான் போனேன். போறப்ப பின்னால சந்தியா. கல்யாணத்துக்கு அப்புறம் நீங்களும் கேக்கல, நானும் சொல்லல."

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கோவர்த்தனனை என்னவோ செய்தது. ஆனாலும் விடவில்லை.

"பதினஞ்சு நாளு நான் தனியா எப்பிடி இருப்பேன்?"

"போக வர நாப்பது கிலோமீட்டர் தனியா மிதிச்சிட்டு வந்த மனுஷன். ஒரு சோறு பொங்கிக்க மாட்டீங்களா? தனியாவும் இல்ல. உமாபதி தம்பிய இங்க வந்து இருக்கச் சொல்லிட்டேன். பாவம், பேட்டரி இல்லாம ஓட்டக் கத்துக்கணும்னு ஆசையா கீறாரு. தெனம் காலைல ரெண்டு பேரும் நாராயணவனம் போய் வாங்க."

உமாபதியோடு. தினமும். மிதித்து.

கோவர்த்தனன் கை கழுவினார். இனி மானம் போனாலும் பரவாயில்லை, உயிர் முக்கியம். உண்மையைச் சொன்னால் அவள் ஆடிப்போவாள், அழுவாள், இந்தக் கலாட்டாவில் பயணமே நின்றாலும் நிற்கும்.

"லதா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அன்னிக்கு நான் சைக்கிள்ல போவல. பவன்குமார் வண்டியில போயி, கிட்டக்க எறங்கிக்கினேன். உன்ன ஏமாத்திட்டேன்."

ஸ்வர்ணலதா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்பாடா! உங்களுக்குத் தெரியாம இவ்ளோ பெரிய காரியம் பண்ணிட்டமேன்னு ஒரு மாசமா மனசு அடிச்சிக்கினு இருந்துச்சுங்க. இனிமே நிம்மதியா போய் வருவேன்."